இடிநாகன்: பதின்மூன்றாம் புத்தகம்

நூற்றிருபது ரூபாய்.
திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் வாங்கியது.
பன்னிரண்டு புத்தகமாக எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தவனுக்கு
இதில்தான் ஊர், பெயர், ஒரு தீ விபத்து
எல்லாம் கொடுத்திருக்கிறார்கள்.

குறை முதலில்.
அப்பா சாவது ஒரே கட்டத்தில்.
அங்கி தைப்பது ஆறு பக்கம்.
வில்லன் பேசுவதெல்லாம் ஆச்சரியக்குறி.
நீல ரசாயனம் தோலில் பட்டதும் பலம் வருகிறதாம்;
எங்கள் மெய்யநாதனுக்குப் பூச்சிமருந்து பட்டு
மன்னார்குடி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வாந்தி வந்தது,
அவ்வளவுதான்.

ஆனால் இருபத்தெட்டாம் பக்கம்.
வசனமே இல்லை.
பையன் தெருக்குழாயில் கை கழுவுகிறான்
கழுவுகிறான்
நீலம் போகவில்லை.
அங்கே மூடி வைத்துவிட்டு
ஷட்டர் வரை நடந்துபோய் வந்தேன்.
திருகுக்கு கிரீஸ் போட வேண்டியிருந்தது, உண்மைதான்.
அதற்காகப் போகவில்லை.

நான் கோரையாற்றில் லஸ்கர்.
கடைமடை.
குடகில் எந்தக் குழியில் ஆறு பிறந்தது என்று
இங்கே ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை.
எப்போ வரும்,
எத்தனை அடி,
முறை யாருக்கு.
இடிநாகனும் எனக்கு அப்படித்தான் இருந்தான்,
ராத்திரி ரெண்டு மணிக்கு
நுரையும் சருகுமாக வந்து சேர்கிற தண்ணீர் மாதிரி.

இனி அவன் பறக்கும்போதெல்லாம்
அந்தக் கைதான் தெரியும்.
கெடுத்துவிட்டார்கள் என்று எழுதலாமா,
தெரியவில்லை.

ஐந்துக்கு மூன்றரை.
அட்டையில் உள்ள விரல் கறை என்னுடையது,
சோப்புக்குப் போகாது,
இரவல் கேட்பவர்கள் கவனிக்கவும்.
பதினாலாவது வந்தால் வாங்குவேன்.