கட்டம் பதினொன்று

அஜ்மான், மீன் சந்தைக்குப் பின்தெரு.
எங்கள் டைப்பிங் சென்டரில்
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு பெயிண்ட் வாளி.
அதற்குப் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை.
அவர் உட்கார்ந்தார்.
முதுகு சாயவில்லை.

டோக்கன் நாற்பத்தேழு.
எசினாம் ஜோகோட்டோ. பிறப்பு கானா.
வயது எழுபத்தொன்று. மகனுடைய ஸ்பான்சர்ஷிப்.
உறவு: தாய்.
இதுவரை விரல்கள் தாமாகவே ஓடின.

"தொழில்?"
"நீதிபதி. முப்பத்தொரு வருடம்."

கட்டம் பதினொன்றில் எதையும் எழுத முடியாது,
விரியும் பட்டியலில் ஒன்றைத் தொடத்தான் முடியும்.
தேடினேன்.
ஒட்டகம் மேய்ப்பவர் இருந்தார்.
வல்லூறு பழக்குபவர் இருந்தார்.
கண்ணாடி துடைப்பவர் மூன்று வகை.
நீதிபதி இல்லை, ஓய்வு பெற்றவரும் இல்லை.
மகன் பெயரில் வந்த தாய்க்குக்
கணினியே நிரப்பி வைத்திருந்தது:
இல்லத்தரசி.

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
"இங்கே இப்படித்தான் மேடம்.
என் விசாவில் நான் தையல்காரி.
பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது."

கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார்.
வாளியில் ஏழெட்டுச் சொட்டு விழுந்திருக்கும்.

பிறகு சொன்னார், எனக்கா வாளிக்கா தெரியவில்லை:
கடலோரச் சிற்றூரில் முதல் நியமனம்.
தகரக் கூரை. மழை வந்தால் சாட்சி சொல்வது கேட்காது.
நிற்கும்வரை எல்லாரும், கொலைகாரன் உட்பட,
சும்மா உட்கார்ந்திருப்போம்.
குதிரைமயிர் விக்குக்குள் வியர்வை எறும்பாய் ஊரும்.
மை லார்ட் என்றுதான் அழைத்தார்கள்,
ஒரு வக்கீலும் திருத்திக்கொள்ளவில்லை.
மந்திரியின் மைத்துனனை உள்ளே அனுப்பியதற்கு
வடக்கே மாற்றல்.
ஜீப்பின் பின்சீட்டில் எட்டு மாதக் குழந்தை,
காலடியில் சட்டப் புத்தகங்கள்.
"அந்தக் குழந்தைதான் இப்போது என் ஸ்பான்சர்."

அங்கேயும் ஒரு கட்டம் இருந்ததாம்.
கூண்டேறும் ஒவ்வொருவரிடமும் குமாஸ்தா கேட்பார்:
பெயர், வயது, தொழில்.
விடியுமுன் மீனுக்குப் புகை போட்டு
ஒன்பது மைல் தலைச்சுமையாய் விற்று
நான்கு பிள்ளைகளைக் கரையேற்றியவளுக்கும்
குமாஸ்தா எழுதுவார்: தொழில் இல்லை.
கீழே இவர் கையெழுத்து.
பதினோரு வருடம் அப்படி.
சாலையோரம் கடை விரித்த வழக்கில்
ஒருத்தி கூண்டிலிருந்தே கேட்டாளாம்,
"வேலையே இல்லாதவளுக்கு
அபராதம் கட்டக் காசு எங்கிருந்து வரும்?"
அன்று பேனாவை மூடிவிட்டுச் சீக்கிரம் எழுந்துவிட்டார்.
மறுநாளிலிருந்து மாற்றி எழுதச் சொன்னார்.
"அதற்கு முந்தைய ஏடுகள்
அப்படியே இருக்கின்றன, கறையான் விட்டிருந்தால்."

எனக்கும் ஊரில் ஒரு தாவா உண்டு.
இரண்டே கால் சென்ட் மனைக்குப் பதினாறு வருடம்.
வக்கீல், வாய்தா, ஜப்தி, அசல், நகல்,
நான் ஏறி இறங்கிய அத்தனை சொல்லும்
அரபியிலிருந்து கப்பலேறி வந்தவை என்று
இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.
சொல்லலாமா என்று வாயெடுத்தேன்.
டோக்கன் நாற்பத்தெட்டு இருமினார்.

கையெழுத்து.
தீர்ப்புகளின் அடியில் ஓடிப் பழகியது
கட்டத்துக்குள் நிற்கவில்லை.
கடைசிச் சுழி பார்கோடு மேல் ஏறியது.
ஸ்கேனர் துப்பிவிட்டது.
இன்னொரு தாள். மறுபடியும் சுழி.
மூன்றாவதில், மூக்கு தாளில் படக் குனிந்து
விளிம்பைப் பார்த்துப் பார்த்து
சின்னதாகப் போட்டார்.
ஏற்றுக்கொண்டது.

"மேல்முறையீடு உண்டா?"
"டைப்பிங்குக்கு அறுபது திர்ஹம், மேடம்."
சிரித்தார், முன்பற்களின் இடைவெளி தெரிய.
ஐம்பது நோட்டு ஒன்று, மீதிக்குச் சில்லறை,
ஒருமுறைக்கு இருமுறை எண்ணி.

துப்பிய இரண்டு தாள்களை
வழக்கம்போல் நான்காய்க் கிழித்து
வெற்றுப் பக்கத்தில் டோக்கன் எண் போட்டுவைத்தேன்.
மாலையில் ஐம்பத்தாறாம் எண்காரர்
திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்,
"பின்னாடி ஏதோ கிறுக்கியிருக்கே."

வாளி நிறைந்திருந்தது.
கொட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.