இருநூறு

கிளாக்ஸ்விக் படகுத்துறையில்
மூன்று கிடாக்களோடு நின்றார் ஹெர்கைர்.
அக்டோபர். மழை பக்கவாட்டில் பெய்தது.
கைப்பேசி சொல்லியிருந்தது: சரி.
பெயர் சரி, நேரம் சரி,
கிடாக்களுக்கான கட்டணமும் சரி.
படகு மட்டும் இல்லை.

மூன்று மணி நேரம் கழித்து என்னை அழைத்தார்.
திட்டவில்லை.
"உங்கள் இயந்திரம் சரி என்றது.
எதற்குச் சரி என்று கேட்கத்தான் கூப்பிட்டேன்."
பின்னால் ஒரு கிடா கத்தியது.

சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன்.
இருநூறு.
இருநூறு.
இருநூறு.
காலை ஆறு மணியிலிருந்து
வழுக்கைத் தலை மாதிரி வழவழவென்று ஒரே எண்.
உறையைக் கிழித்து உள்ளே பார்த்தால்தான்
பொடி எழுத்தில் இருந்தது:
பிழை, காற்று அதிகம், படகு புறப்படாது.
கல்யாண அழைப்பின் உறைக்குள்
இரங்கல் கடிதம்.

அந்த இடம் பார்டுர் எழுதிய நிரல்.
எது இடறினாலும் பிடித்துக்கொள்,
பிடித்ததும் இருநூறு அனுப்பு.
மேலே ஒரு குறிப்பு:
"மன்னிக்கவும். பலகைக்கு வேறெதுவும் தெரியாது."

பலகை என்றால் துறை வாசலில் தொங்கும் அறிவிப்புப் பலகை.
இருநூறு வந்தால் எழுத்து காட்டும்,
வேறு எண் வந்தால் பயந்து அணைந்துவிடும்.
புதிது வாங்கப் பணம் கேட்டு
மூன்று வருடம் கடிதம் எழுதியிருக்கிறான்.
கடைசியில் பலகையை விட்டுவிட்டு
உண்மையை மாற்றிவிட்டான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
நானும் பூசி மெழுகியவள்தான்.
எப்படி இருக்கிறாய் ரன்வா என்று
அக்கா கேட்ட ஒரு குளிர்காலம் முழுக்க
இருநூறு அனுப்பியிருக்கிறேன்.

சரி என்பது சாய்வான சொல்.
கால் வைத்தால் சரியும்.
இல்லை என்பதன் மேல் நிற்கலாம்.
அதிலும்தான் எத்தனை இல்லை!
கூடாது வேறு, முடியாது வேறு,
நீ யாரென்று தெரியாது, அது வேறு.
நானூறு என்றால் தப்பு கேட்டவர் பக்கம்.
ஐந்நூறு என்றால் என் பக்கம்.
அதை எழுதும்போதெல்லாம்
காது சூடாகிறது.

அன்றிரவு
பிடித்து வைத்திருந்ததையெல்லாம் திறந்துவிட்டேன்.
காற்றுக்கு ஐந்நூற்று மூன்று: இப்போது முடியாது.
தலைப்பில் கூடவே ஒரு வரி,
இரண்டு மணி நேரம் கழித்துக் கேள்.
ஒரே இருக்கைக்கு இருவர் முட்டிக்கொண்டால்
நானூற்று ஒன்பது.
சோதனைகள் பச்சையாக ஓடின. ஏற்றினேன்.

புதன்கிழமை காற்று.
பலகை அணைந்தது.
தோர்ஸ்ஹவ்னிலிருந்து பார்டுர் ஒரே சொல் அனுப்பினான்:
"சொன்னேனா?"
யாராவது நனைந்துகொண்டிருப்பார்களென்று
மேல்சட்டையில் ஒரு கைதான் நுழைந்தபடி ஓடினேன்.
துறை காலி.
ஹெர்கைர் மட்டும் வண்டிக்குள், காபியோடு.
கிடாக்கள் இல்லை.
"இப்போது முடியாது என்று வீட்டிலேயே சொல்லிவிட்டது.
பலகை செத்ததைப் பார்க்க வந்தேன்" என்றார்.

ஒன்று மிச்சம்.
சால்மன் பண்ணையின் மிதவைத்துறை.
போன ஜனவரியில் புயல் பிய்த்துக்கொண்டு போனது.
அங்கே எப்போது படகு என்று
தினமும் இரவு 9:10க்கு ஒரு கேள்வி வருகிறது.
ஆளோ,
யாரோ அணைக்க மறந்த நிரலோ.
இதுவரை நானூற்று நான்கு சொல்லிக்கொண்டிருந்தோம்.
அது கதவை ஒருக்களித்து வைத்திருக்கும் இல்லை.
பொருத்தமான எண் நானூற்றுப் பத்து:
இருந்தது. இனி இல்லை. தேடாதே.
அந்த ஒரு வரியை எழுதுவதற்குள்
ஒரு கெட்டில் தேநீர் ஆறிப்போனது.

மறுநாள் 9:10. வந்தது.
நானூற்றுப் பத்து.
அதற்கு மறுநாள் 9:10.
சொல்லியாகிவிட்டது.
அது கேட்கிறது,
கேட்பதில்லை.

வீட்டுக்குப் போகலாம்.
9:11 ஆகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.