கூலிக்குறி

கம்பம்மெட்டு ஏற்றத்தில் ஜீப்புக்குப் பதினெட்டுப் பேர்.
பத்தொன்பதாவது ஆள் நான்,
மடியில் மஸ்டர் ரோல்.
வண்டன்மேடு தாண்டி ஏலக்காட்டுச் சரிவில்
மடம் கட்டுகிறார்கள்
பேசாத சாமியார்கள்.

முதல் மாதம் ஒரு கல்கூட வைக்கவில்லை.
வாய்க்கால்தான் வெட்டினோம்.
ஊற்றிலிருந்து அடுப்படிக்கு, அங்கிருந்து கக்கூசுக்கு,
மிச்சம் தோட்டத்துக்கு.
எண்ணூறு வருஷமாய் இதுதான் முறை,
தண்ணீர் முதலில், கடவுள் அப்புறம்
என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார் பிரதர் இட்டியவிரா.
கடைசி இரண்டு வார்த்தையை
உடனே எச்சில் தொட்டு அழித்தும் விட்டார்.

அவர் கையில் ஒரு வரைபடம்.
பிரான்சில் ஏதோ சதுப்புக் காட்டில்
எழும்பி, எரிந்து, ஏலம்போன மடத்தின் அளவுகள்.
நடுவில் சதுர முற்றம், சுற்றிலும் நடை.
வடக்கே கோயில். தெற்கே சாப்பாட்டுக்கூடம்.
கிழக்கே மாடியில் படுக்கை,
ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு
நேரே கோயிலுக்குள் இறங்க ஒரு படிக்கட்டு.
குளிர்காய ஒரே ஓர் அறை. அங்கே மட்டும் நெருப்பு.
"மனுசருக்கா?" என்றேன்.
மைக்கும், என்று எழுதினார்.
உறைந்துபோகுமாம்.

கோபுரம் கிடையாது. சிலை கிடையாது.
கண்ணாடியில் நிறம் கிடையாது.
மொக்கராசு மேஸ்திரிக்குத் தூக்கம் போயிற்று.
"தூண் தலையில ஒரு தாமரை சாமி,
ஒத்த இதழு."
பிரதர் தலை குறுக்கே ஆடியது.
பிறகு ஒரு காலை
வெறுஞ்சுவரில் விழுந்த வெயில்
தூண் தூணாய் நகர்ந்து பீடத்தில் வந்து நின்றது.
மொக்கராசு உளியைக் கீழே வைத்துவிட்டு
பீடி பற்றவைக்க மறந்து உட்கார்ந்திருந்தான்.
இதழ்ப் பேச்சு அதோடு சரி.

மேற்கே, படத்தில், ஒடுக்கமாய் ஒரு சந்து.
இரண்டு பக்கமும் சுவர்.
"இது எதுக்கு?"
சிலேட்டைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.
உழுத, கல் சுமந்த, எழுத்தறியாத சகோதரர்கள்
வந்துபோன வழியாம்.
முற்றத்துக்குள் வரக்கூடாது. பாட்டில் சேரக்கூடாது.
தனி வாசல், தனி பெஞ்சு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எங்கள் ஊர் டீக்கடையில்
எந்த ஆணியில் எங்கள் கிளாஸ் தொங்கும் என்று
எனக்குத் தெரியும்.
மறுநாள் படத்தில் சந்து இல்லை.
ரப்பர் தேய்த்த இடத்தில்
தாளுக்கு அப்பால் வெளிச்சம் தெரிந்தது.

மழைக்காலம், வேலை நின்ற ஒரு மத்தியானம்,
போட்டோ ஒன்று காட்டினார்.
பழைய மடத்தின் சரிந்த சுவர்.
ஒரு கல்லின் மூலையில் கீறல்:
ஒரு கோடு, ஒரு கொக்கி.
மொக்கராசு பிடுங்கிப் பார்த்தான்.
"கூலிக்குறில்ல இது?
எவன் வெட்டின கல்லுன்னு சனிக்கிழமை எண்ணுறதுக்கு."
எங்கள் கல்லிலும் உண்டு.
சிலம்பாயி புருஷனுக்கு வேல்,
குருவனுக்கு மூன்று புள்ளி,
மொக்கராசுக்குப் பாதி மீன்.
"இவனுக்குக் கூலி குடுத்தாங்களா?"
பிரதர் சிலேட்டைத் தேடவில்லை.
விரதத்தை மறந்து வாயால் சொன்னார்:
"அறியில்லா."

கார்த்திகையில் சுண்ணாம்பு வந்தது.
வேல், புள்ளி, பாதி மீன்
எல்லாம் வெள்ளைக்குள் போயின.
கடைசிப் பட்டுவாடா அன்று கணக்கு இடித்தது.
ராத்திரிப் படிக்கட்டுக்கு
இருபத்தேழு கல் எழுதியிருக்கிறேன்.
எண்ணினால் இருபத்தெட்டு.
அடிப்படியின் மறைவில்,
மட்டை எட்டாத இடத்தில் இருந்தது அது:
கோணல் கல், கத்துக்குட்டி உளி,
ஒரு கோடு, ஒரு கொக்கி.
பிரதர் இட்டியவிராவின் பெருவிரலில்
மூன்று நாளாய்த் துணிக்கட்டு.

கேட்கவில்லை.
மஸ்டர் ரோலில் புது வரி போட்டேன்.
கல் ஒன்று. ஒன்றேகால் ரூபாய்.
பெயர்க் கட்டத்தில் கோடும் கொக்கியும்.
கைநாட்டுக் கட்டம் காலி.
கீழே ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.
சில்லறை என் கையில்.