நாடாவுக்கு உள்ளே

தண்டர் பேயில், ஈமச்சடங்கு நிலையத்தின் படிவத்தில்
பதினோராவது கேள்வி:
இறந்தவர் முன்னாள் படைவீரரா?
ஆம். இல்லை. இரண்டு கட்டங்கள்.
அப்பாவின் பேனா நடுவில் நின்றது.
எந்த நாட்டுக்கு என்று அதில் கேட்கவில்லை.
அப்பா அதைத்தான் யோசித்தார்.

ஹவில்தார் எத்திராஜ், மெட்ராஸ் சாப்பர்ஸ்.
எழுபத்தொன்றில் மேற்கு எல்லையில்
வயிற்றால் ஊர்ந்து
இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்தவர்.
எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.
மேலே கேட்டால் இடது காதைத் திருப்புவார்.
அது கேட்காத காது.

இங்கே வந்த முதல் நவம்பர்.
தெரு நெடுக, வீட்டுக்கு வீடு,
ஆரஞ்சுக் குச்சிகள் நட்டிருப்பதைப் பார்த்துவிட்டு
காரை விட்டு இறங்க மாட்டேன் என்றார்.
"இங்கியும் கண்ணி வெச்சிருக்கானுங்களா?"
பனி மூடினால் வழி தெரிவதற்கு, தாத்தா.
பனி வாரும் வண்டிக்கு அடையாளம்.
கண்ணில் நீர் வரச் சிரித்தார்.
பிறகு இறங்கி
குச்சிகளுக்கு இடையிலேயே நடந்து வந்தார்.

மறுவாரம் பத்தொன்பது குச்சி வாங்கினார்
(இருபதாவது கடையில் இல்லை).
எங்கள் வாசலில் தொடங்கி
பக்கத்து வீட்டு அய்லியின் வாசல் வரை
இரண்டு வரிசை.
குச்சிக்குக் குச்சி வெள்ளை நாடா.
பதினோரு குளிர்காலம்,
விடியுமுன்னே எழுந்து
அந்த நாடாவுக்குள் விழுந்த பனியை மட்டும் வாரினார்.
ஓர் அங்குலம் அந்தப்பக்கம் போக மாட்டார்.
அய்லி பின்லாந்துக்காரி. எண்பத்தாறு வயது.
கூலியாகக் காப்பியும்
ஏலக்காய் மணக்கும் பின்னல் ரொட்டியும்.
"ஏலக்காய் இந்தம்மா ஊட்டுக்கு எப்டி வந்துச்சு?"
என்று கேட்டபடி
துணியில் சுற்றி எங்களுக்கும் கொண்டுவருவார்.
இருவருக்கும் இருந்தது இரவல் ஆங்கிலம்தான்.

எங்களுக்குச் சொல்லாததை
அந்த இரவல் மொழியில் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்.

எரியூட்டும் முன் அய்லி எழுந்து நின்று பேசினாள்:
அவனுக்கு ஒரு சிநேகிதன் இருந்தான்,
பலவேசம் என்று பெயர்
(அவள் வாயில் அது மூன்று துண்டாக உடைந்து வந்தது).
சுத்தம் செய்த பாதையில்
இவனுக்குப் பின்னால்தான் நடந்து வந்தான்.
நாடாவைத் தாண்டி இரண்டே எட்டு வைத்தான்,
ஒரு 'கேன்' எடுக்க.
வெறும் ஒரு கைத்தடிக்காக!
போர்க்களத்தில் எவனாவது கைத்தடி தேடுவானா?
நான் அழுதேன்.
அந்தக் கிறிஸ்துமஸுக்கு
செத்துப்போன என் புருஷனின் கைத்தடியை
இவனுக்குக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டான். ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார்.
கரும்பு.
அந்த எல்லையில் கரும்பு வயல்கள் உண்டு.
பொங்கலுக்குப் பொங்கல்
இந்தியக் கடையின் உறைபெட்டியிலிருந்து
விரல் நீளக் கரும்பு நாங்கள் வாங்கிவர,
எழுந்து குளியலறைக்குப் போய்
குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு
உள்ளேயே இருப்பார்.
பல் இல்லை, வெட்கப்படுகிறார் என்று
நாங்கள் கேலி செய்திருக்கிறோம்.
நானும்தான். சத்தமாக.

அய்லியை யாரும் திருத்தவில்லை.
அந்தக் கைத்தடியை
அவர் கையருகே வைத்துத்தான் அனுப்பினோம்.

படிவத்தில் 'ஆம்' என்று குறித்தது நான்.
வரவேற்பில் இருந்த பெண்
எந்தப் படைப்பிரிவு என்று கேட்டாள்.
எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.
அவள் தவறாக எழுதினாள்.
விட்டுவிட்டேன்.

இப்போது மே மாதம்.
பனி உருகி, நாடா இற்று,
புல்வெளியில் பத்தொன்பது குச்சிகள்
எதற்கென்று தெரியாமல் நிற்கின்றன.
தெருவில் மற்றவர்கள் பிடுங்கி எடுத்து வைத்தாயிற்று.
சனிக்கிழமை அப்பா புல்வெட்டும் எந்திரத்தோடு வந்தார்.
குச்சிகளுக்கு வெளியே முழுதும் வெட்டினார்.
உள்ளே புல் முழங்கால் உயரம்.
அய்லி அதன் வழியாகத்தான் வருகிறாள்,
ரொட்டித் தட்டை இரண்டு கையாலும் பிடித்து,
நடுவிலேயே,
நேராக.