பத்து கிலோவுக்குக் கீழே

பஹாவில் டயர் கடைக்கு மேல்மாடியில் ஜிம்.
மாதம் அறுபது வெள்ளி. விசிறி இரண்டு,
சுற்றுவது ஒன்று.
சுவரில் ஒரு படம்:
பன்னிரண்டே வாரம் என்ற எழுத்துக்குக் கீழே
எண்ணெய் மினுக்கும் ஒரு வயிறு, ஆறு கட்டி.
கழுத்தோடு வெட்டியிருந்தார்கள்,
என் தலையைப் பொருத்திப் பார்க்க
வசதியாகப் போயிற்று.

எனக்கு நாற்பத்தொன்று.
செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
லோரி ஏறும், மொத்தம் எழுதுவேன்.
குலை கொட்டித் திரும்பும், வெறும் லோரி எழுதுவேன்.
கழித்தால் வருவது சரக்கு.
பதினேழு வருஷமாக இதே கணக்கு.
வயிற்றுக்கும் இதுதான் என்று நினைத்தேன்,
கொட்டுவதைக் கொட்டினால் மிச்சம் தெரியும்.

தைப்பூசம் முடிந்த திங்கட்கிழமை
வெறும் கம்பியில் தொடங்கினேன்.
மூன்றாம் வாரம் கண்ணாடி முன் மூச்சை இழுத்தேன்,
ஏதோ தெரிந்தது.
விலா எலும்பு என்று தெரியாமல்
இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

ஹஃபிஸுக்கு ஆறும் இருக்கிறது.
பத்தொன்பது வயது, மோட்டார் பட்டறை வேலை,
பகலுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக், ராவுக்கு மெகி.
எத்தனை மாதமாயிற்று தம்பி, என்றேன்.
வெட்கப்பட்டான்.
நேற்றுத்தான் சேர்ந்தேன், பாங்.

போவது போகிறது,
நான் சொல்லும் இடத்திலிருந்து இல்லை.
முதலில் கன்னம்.
புஷ்பவல்லி பயந்துபோய்
சர்க்கரை பார்த்துவிட்டு வா என்றாள்.
பிறகு விரல். மோதிரம் சோப்போடு கழன்றது.
வயிறு பழைய குடி.
நோட்டீஸைப் படித்தது, மடித்தது,
பாயை விரித்துப் படுத்துக்கொண்டது.

எங்கள் ஆலையில்
நூறு கிலோ குலைக்கு இருபது கிலோ எண்ணெய்.
அதற்கே வேகவைக்க வேண்டும், உதிர்க்க வேண்டும், பிழிய வேண்டும்.
என்னை யார் வேகவைப்பது?

லோரி வராத ஒரு மத்தியானம்
எடைமேடையில் நானே ஏறி நின்றேன்.
நாற்பது டன்னுக்குப் பிறந்த மேடை,
பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
பிப்ரவரியில் தொண்ணூறு.
மே மாதமும் தொண்ணூறு.
மருந்துக்கடை எந்திரத்திலோ
தொண்ணூற்று மூன்று, எண்பத்தேழு.
ஆறு கிலோ என்பது அதற்கு
டயரில் ஒட்டிய சேறு.

ஒரு நாள் கேஸ் தோங் தூக்கிக்கொண்டு
நாலாம் மாடிக்கு ஏறினேன்.
கதவைத் தட்டும்போதுதான் ஞாபகம் வந்தது,
இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிற்கவில்லை.
வழக்கமாக அங்கே தோங்கை இறக்கி
போன் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குவேன்.
ஒரு மஞ்சள் பூனை வந்து காலில் உரசும்.
அன்றைக்கு அது என்ன நினைத்ததோ.

பதின்மூன்றாம் வாரம்
சட்டையைத் தூக்கி ஆ கியோங்கிடம் கேட்டேன், எப்போது?
டயர் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தான்.
ரொட்டி சானாய் எத்தனை?
மூன்று.
தே தாரேக்?
அதை ஏன் கேட்கிறாய்.
அடுத்த வருஷம் கொஞ்சம் தெரியலாம், போஸ்.
மேலே இரண்டு, வெளிச்சம் பக்கத்திலிருந்து விழுந்தால்.
வந்தாலும் தீபாவளிக்குப் போய்விடும்.
படத்தில் இருப்பவன்
இரண்டு நாள் தண்ணீர் குடித்திருக்க மாட்டான்.
மறுநாள் சாப்பிட்டிருப்பான்,
அவனுக்கே இருந்திருக்காது.

அப்படியானால் பன்னிரண்டை அடித்துவிட்டு
அறுபது என்று எழுது, என்றேன்.
எழுதலாம், என்றான், ஆள் வரமாட்டான்.

மூலையில் ஹஃபிஸ்
என் எண்பது கிலோவை அசைத்துப் பார்த்தான்.
கம்பி வளைந்ததுபோல் இருந்தது, தரையை விடவில்லை.
அவன் என் முதுகைப் பார்த்தான்,
நான் அவன் வயிற்றைப் பார்த்தேன்.
மாற்றிக்கொள்ள வழி இருந்தால்
யார் முந்தியிருப்போமோ.

சுற்றுகிற விசிறிக்குக் கீழே
கம்பியை இழுத்துக்கொண்டேன்.
ஒன்றேகால் கிலோ தட்டு
உள்ளங்கை அகலம்தான்.
இந்தப் பக்கம் ஒன்று,
அந்தப் பக்கம் ஒன்று.