பிரிவு ஒன்பது

ஒப்பந்தம் பதினேழு பக்கம்.
கையெழுத்தான அன்று எடுத்த படத்தில்
எங்கள் முதல்வருக்கும் அவர்கள் இயக்குநருக்கும் நடுவில்
ஒரு பூச்செண்டு நசுங்குகிறது.
பின்னால் பாதி நெற்றி மட்டும் தெரிகிறதே,
அது நான்.

கஞ்சிக்கோட்டில் பழைய இரும்பை உருக்கிக்
கம்பியாக்கும் ஆலை அது.
உலை இரவில்தான் எரியும். இரவில் மின்சாரம் மலிவு.
விடிந்ததும் மீரான் கனி ராவுத்தர் வருவார்.
தரக்கட்டுப்பாடு.
ஸ்கூட்டரில் காலடியில் ஒரு சாக்கு,
சாக்குக்குள் இன்னும் சூடு போகாத துண்டுகள்,
ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் எண்.
"பாருங்க மேடம், உருட்டும்போதே தோல் வெடிக்குது.
உலைக்காரன் உருளையைச் சொல்றான்.
உருளைக்காரன் உலையைச் சொல்றான்.
மொதலாளி என்னைச் சொல்றாரு."

அறுத்தேன். தேய்த்தேன்.
எட்டு வகை உப்புத்தாள், கடைசியில் வைரப்பசை.
சாராயத்தில் இரண்டு சொட்டு அமிலம் விட்டு
ஏழு விநாடி நனைத்து
நுண்ணோக்கியில் வைத்தால்
வயல் தெரிந்தது. உண்மையாகவே வயல்.
மணிமணியாக இரும்பு, மணிக்கு மணி வரப்பு,
வரப்பு நெடுகச் சிவப்பாய் ஒன்று
மடை திறந்ததுபோல் ஓடி உறைந்திருந்தது.

செம்பு.
மேல்தோலில் இரும்பு எரிந்து செதிலாய் உதிர,
எரியாத செம்பு அடியில் சேர்ந்து
உருகி, வரப்பை அறுக்கிறது.
எங்கிருந்து செம்பு?
இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது:
கொழிஞ்சாம்பாறைப் பக்கம், எங்கள் பக்கம்,
அறுநூறு அடியிலும் தண்ணீர் இல்லாமல்
சுற்றிச் சுற்றிக் கருகிய
ஆழ்குழாய் மோட்டார்களின் வயிற்றிலிருந்து.

பிரிவு ஒன்பது சொல்கிறது:
முடிவுகளை ஐந்தாண்டு வெளியிடலாகாது.

கோயம்புத்தூர்க் கருத்தரங்கில் பேசினேன்:
"ஒரு குறிப்பிட்ட தனிமம்,
ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது,
ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில்..."
மூன்றாவது வரிசையில் யாரோ
"பேய்க்கதையா?" என்றார்.
நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.
ஆய்வேட்டில் நாற்பத்தோரு இடத்தில் கறுப்புக் கோடு.
வழிகாட்டி தட்டிக்கொடுத்தார்:
"புதுக் கருவி வந்ததில்லையா,
அது இந்தப் பணத்தில்தான்."
வந்தது. நல்ல கருவி.
அதில்தான் பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது.

ஒருநாள் ஆலைக்கே போனேன்.
கணவாய்க் காற்று துருவை வாரி முகத்தில் அடித்தது.
கிரேன் காந்தத்தை இறக்கியது.
கம்பி, தகரம், சைக்கிள், மோட்டார்
எல்லாம் கொத்தாய் ஒட்டிக்கொண்டு எழுந்தன.
காந்தத்துக்கு ஓடு தெரியும். உள்ளே என்ன என்று தெரியாது.

அதற்காக இப்போது ஆள் வைத்திருந்தார்கள்.
சுக்தேவ் மாஞ்ஜி, கயாவுக்குப் பக்கம் ஊர்.
சம்மட்டி, உளி, கிழிந்த கையுறை ஒன்று.
ஓட்டை உடைத்துச் சுருளை உருவிப்
பக்கத்துத் தொட்டியில் எறிந்தார்.
ஒரு மணி நேரத்துக்குப் பதினெட்டு மோட்டார்.
என் மூன்று ஆண்டு அந்தத் தொட்டியில்
பளபளத்துக்கொண்டு கிடந்தது.

வாசல் டீக்கடையில் உட்கார்ந்தோம்.
கடைக்காரர் கேட்டார்,
காலேஜில் என்ன ஆராய்ச்சி என்று.
"சொல்லக்கூடாது" என்றேன்.
பெஞ்சின் மறுமுனையில் மாஞ்ஜி
பன்னை நனைத்துக்கொண்டே,
அவருக்கு வந்த மலையாளத்தில்,
கடையில் இருந்த லாரிக்காரர் உட்பட எல்லோருக்குமாக:
"செம்பெடுத்தால் இரும்பு பொட்டூலா."

அவ்வளவுதான். ஆய்வேட்டின் ஆறாம் அத்தியாயம்.
அவரிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

ராவுத்தர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார்,
அது ஆறி வெகுநேரம் ஆகியும்.

ஐந்தாண்டு முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.
மோட்டார் உடைவது ஊருக்கே தெரியும்,
அதனால் செம்பைச் சொல்லிவிட்டேன்.
எத்தனை சதவீதம் என்று சொல்லவில்லை,
கவனித்திருப்பீர்கள்.