பைய

மார்ச்சில் வருமாம்.
இல்லை, தண்ணீர்த் திருவிழா கழிந்துதானாம்.
பாங்காக் போய்வந்த ஒருவர் சொன்னாராம்,
வயரே செருகாமல்
இருபது மணிநேரம் ஓடுமாம்.

தவசி இதைச் சொன்னபோது
பயின்னவுங் சந்தையில் கரண்ட் போய்
மூன்று மணிநேரம் ஆகியிருந்தது.
இருபது மணிநேரம் என்பதை
நெய்ச்சோறு மாதிரி மென்று மென்று சொன்னான்.

நான் உளுந்துக் கிட்டங்கியில் கணக்கு எழுதுகிறவள்.
வதந்தி எனக்குப் புதிதா?
சென்னைக் கப்பல் கிளம்பிவிட்டது என்பான் ஒருவன்,
மூட்டைக்கு விலை ஏறும்.
கிளம்பவில்லை என்பான் அவனே,
சாயங்காலத்துக்குள் இறங்கும்.
கப்பல் தன்பாட்டுக்கு எங்கேயோ நிற்கும்.

என் மடிக்கணினிக்குப் பத்து வயது.
ஒடிந்த கீலுக்குச் சாக்கு தைக்கிற சணல்.
பேட்டரி செத்து இரண்டு வருஷம்;
இன்வெர்ட்டர் இருமினால்
இதற்கு மூச்சு நிற்கும்.

போன வாரம் திரையின் மூலையில்
ஒரு சின்னக் கட்டம் முளைத்தது:
அக்டோபருக்குப் பின் இந்தச் சாதனத்துக்கு
ஆதரவு கிடையாது.
மூடினேன். மறுநாளும் வந்தது.

ஆதரவற்றோர் இல்லத்துக்கு
மாதம் ஐந்து வீசை பருப்பு
என்று என் பேரேட்டில் ஒரு வரி உண்டு.
அந்த வரியைப் பத்து வருஷமாக எழுதிய பெட்டி
இப்போது அந்த வரிக்குள் போய்
உட்கார்ந்துகொண்டது.

ஆனால் அதற்கு முன்பே,
ஆவணி மழையில்,
ழ ஒட்டியிருந்த கட்டை கழன்று விழுந்துவிட்டது.
மூட்டைகளுக்கு நடுவே தேடினோம்.
உளுந்தில் கறுப்புக் கட்டையைத் தேடுவது
எப்படி என்று நினைக்கிறீர்கள்?

அன்றிலிருந்து
பழைய பாக்கி என்று தட்டினால்
பைய பாக்கி என்று விழுகிறது.
பட்டியலைப் பார்த்த மோகாவுங் வியாபாரி,
தமிழ் தெரிந்தவர், மூக்குக்கண்ணாடியை ஏற்றி,
"பையவே தரலாம் என்று
முதலாளியே சொல்லிவிட்டாரா?" என்றார்.
சிரிப்பை அடக்கத் தெரியாமல்
ரசீதுப் புத்தகத்தைக் கீழே போட்டேன்.
மனிதர் அந்த மாதம் பாதிதான் கொடுத்தார்.

பன்சோடான் பக்கத்துச் சந்தில் சிக்கந்தர்.
பிஸ்கட் டப்பா நிறைய
செத்த பெட்டிகளின் பற்கள் வைத்திருக்கிறான்.
ஒன்றொன்றாய் வைத்துப் பார்த்தான்.
ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கொக்கி.
"புதுசு வரட்டும் என்கிறார்கள்,
வந்தால் உள்ளே எல்லாம் ஒட்டியே வருமாம்,
ஸ்க்ரூவே கிடையாதாம்.
எனக்கு என்ன வேலை, சொல்லுங்கள் அக்கா?"
அதுவும் வதந்திதான்.
ஆனால் அவன் மட்டும்
அதைச் சந்தோஷமில்லாமல் சொன்னான்.

வேறு ஒரு சிஸ்டம் போட்டுத் தருகிறேன் என்றான்,
இலவசமாம்.
பேரேடு அதில் திறக்குமா என்றேன்.
டப்பாவை மூடினான்.

ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
தவசியின் புதுப் பெட்டி
நாற்பத்திநாலு லட்சம் சாட்.
ஒன்பது மாதச் சம்பளம், சாப்பிடாமல் இருந்தால்.
புதிய என்று தட்ட ழ வேண்டியதில்லை.
சுத்தமாக விழுந்தது, ஒரு தடங்கலும் இல்லாமல்.
அழித்தேன்.

ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது.
தெரு முழுக்க மோட்டார்கள் தண்ணீர் இழுக்க ஆரம்பித்தன,
எதிர்வீட்டில் யாரோ அரிசி களைந்தார்கள்.
பெட்டியின் விசிறி
இரண்டு தரம் முனகி, சுற்றியது.
இணையத்தைத் துண்டித்துவிட்டு
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
மை. மூட்டைகள் நனைந்தன, பதினேழு.

பதினேழில் ழு இருக்கிறதே என்பீர்கள்.
கட்டை போன இடத்தில்
ரப்பர் மூக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது.
நகத்தால் அழுத்திப் பிடித்தால்,
எண் விஷயமென்றால் மட்டும் அழுத்துவேன்,
வரும்.

காலையில் தவசி வந்து சொன்னான்:
மார்ச் இல்லையாம்.